பொங்கலூருக்கு ஒரே வண்டி

மேடையில் அமர்ந்திருக்கும் அறக்கட்டளைத் தலைவர் திருமூர்த்தி அவர்களே, டாக்டர் ஜெயசுதா அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் வேலாத்தாள் அம்மா அவர்களே, ஷிப்டை விட்டுவிட்டு வந்திருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களே, தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நம் அறக்கட்டளை ஆம்புலன்ஸின் ஓட்டுநர், நம் ரத்தினசாமி, இன்று இல்லை. இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே, செய்தி எழுதுவதுபோல நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஒருமுறை என் பத்திரிகைச் செய்திக்காக அவரோடு வண்டியில் போனேன். ஒரு கம்பெனியில், தைத்த பனியன்களில் குறை தேடும் செக்கிங் வேலை செய்யும் பெண் மயங்கி விழுந்திருந்தார். அன்று சரக்கு ஏற்றும் நாள். "தண்ணி தெளிச்சாச்சுங்க. சும்மா மயக்கந்தான். ஷிப்ட் முடியட்டுமே" என்றார் மேனேஜர். ரத்தினசாமி ஸ்ட்ரெச்சரை விரித்துக்கொண்டே, "டேமேஜ் பீஸ்னா ஆல்ட்டர் பண்ணிக்கலாமுங்க. இது மனுசருங்க. தலைப்பக்கம் கொஞ்சம் புடிங்க" என்றார். மேனேஜரே பிடித்தார். அந்தப் பெண் அனுப்பிரியா, இதோ, நடுவரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

தோட்டத்து வீடுகளில் வேறு சண்டை. பெரியவருக்கு மூச்சு வாங்கும். சொந்தபந்தமெல்லாம் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "ஏனுங்க, நேரா கோயமுத்தூருக்கே உடுங்க" என்பார்கள். "போலாமுங்க. மொதல்ல பல்லடத்துல ஒரு டாக்டர் பாக்கட்டுமுங்க. மூச்சு இருந்தாத்தானுங்க கோயமுத்தூரு" என்பார் ரத்தினசாமி. திட்டு வாங்குவார். அடுத்த வாரம் அதே வீட்டிலிருந்து அவருக்கு இளநீர் வரும்.

எதற்காக அந்தச் சண்டை? வண்டி கோவைக்குப் போனால், திரும்பும்வரை பொங்கலூரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் உடனே ஏற்றிக்கொண்டு போக வண்டி இல்லை; 108 வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். இன்னொரு வண்டி வேண்டும் என்று அவர் கேட்காத கமிட்டிக் கூட்டம் உண்டா? "பாக்கலாமுங்க" என்று நாம் சொல்லாத கூட்டம்தான் உண்டா?

போன மாதம் அவர் பயந்ததுதான் நடந்தது. அன்று அவருக்கு விடுமுறை. மாற்று ஓட்டுநர் சுரேந்தர், ஒடிசாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு நிறைமாதப் பெண்ணை ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போய்க்கொண்டிருந்தார். பல்லடம் ஆஸ்பத்திரியில் முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அதே நேரம் வீட்டில் ரத்தினசாமிக்கு நெஞ்சு வலி. அவர் மனைவி வேலாத்தாள் அம்மா சுரேந்தருக்குப் போன் செய்தார். "அக்கா, வண்டியத் திருப்பட்டுங்களா?" என்று கேட்டார் சுரேந்தர். ரத்தினசாமி போனை வாங்கி, "வேண்டாங் கண்ணு. அந்தப் புள்ளைய எறக்கிட்டு வா" என்றார்.

பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றினார்கள். காரில் ஆக்சிஜன் இல்லை. பல்லடம் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. தாயும் குழந்தையும் நலம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் இதைத் தியாகம் என்றார்கள். தியாகமா? நேற்று வேலாத்தாள் அம்மாவிடம் கேட்டேன். "அவரு சாகோணும்னு சொல்லலீங்க. இன்னொரு வண்டி இருந்திருந்தா மொத ஆளா ஏறிப் படுத்திருப்பாருங்க. ஓட்டறவனக் கொற சொல்லீட்டே போயிருப்பாருங்க" என்றார்.

அன்பர்களே! வலியில் துடித்த ஒரு மனிதரை, நீயா அந்தப் பெண்ணா என்று முடிவு செய்ய வைத்தோம். அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் நமக்கு வேலை மிச்சம்! மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்!

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று, அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுப்போம். இரண்டாவது வண்டிக்கான தீர்மானத்தையும் தலைவர் இன்றே, இந்த மேடையிலேயே வாசிக்க வேண்டும். அதுவரை நான் மைக்கை விடப் போவதில்லை.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உள்ளே வரும்போது பார்த்தேன். ஆம்புலன்ஸை மண்டபத்து வாசலில் நிறுத்தி, முன்கண்ணாடி மறையும்படி மாலை போட்டு, அவர் படத்தைச் சாய்த்து வைத்திருக்கிறோம். அதற்குப் பின்னால், ரோடு வரைக்கும் நம் கார்கள். இந்த நிமிடம் ஒரு போன் வந்தால் சுரேந்தரால் வண்டியை வெளியே எடுக்க முடியாது.

சுரேந்தர், நீங்கள் போய் அந்த மாலையைக் கழற்றுங்கள். கார்க்காரர்கள் சாவியோடு எழுந்திருங்கள். தலைவரே, உங்கள் காரும் அங்கேதான் இருக்கிறது. எடுத்து வழி விட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.