வில்லுக்குப் போட்ட கஞ்சி

ஏனாத்தூரிலிருந்து சின்ன காஞ்சிபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். மற்றவர் அவருடைய மாணவி தேவியின் அம்மா, தறி நெய்கிறவர். பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"கஞ்சி கொஞ்சம் கெட்டியா ஆயிடுச்சா மிஸ்? பாப்பா வாசிச்சா சத்தமே வரல."

"எதுக்கும்மா கஞ்சி?"

"வயலின் வில்லுக்குத்தான். முடியெல்லாம் பிரிஞ்சி பிரிஞ்சி நின்னுக்கினு இருந்துச்சி. மேல வேற வெள்ளையா தூசி. நல்லா தொடச்சிட்டு, தறியில பாவு நூலுக்குப் போடற மாதிரி அரிசிக்கஞ்சி தடவி, நிழல்ல காய வெச்சேன். இப்ப ஒரு இழை பிரியாது."

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அது தூசி இல்லம்மா, ரோசின்னு ஒரு பிசின் பொடி. அது இருந்தாதான் முடி தந்தியைப் பிடிக்கும். நாளைக்கு ஆண்டு விழா. சரி, தேவிக்கு வேற வில்லு குடுக்கறேன்."

"வேற ஏது மிஸ்? சுத்தம் பண்ணணும்னு ஸ்கூல் வில்லு எட்டையும்தான் வீட்டுக்கு எடுத்தாந்துட்டாளே. நம்ம புள்ளைதுக்கு மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்?"

டீச்சர் விரல்விட்டு எட்டு வரை எண்ணினார். பஸ் நின்றது.

"மிஸ், உங்க ஸ்டாப்பிங் வந்துடுச்சி."

"நான் இறங்கல. உங்க வீட்டுக்கு வரேன்."

"தாராளமா வாங்க. வெந்நீர்ல முடியை மட்டும் நனைச்சி எடுத்துடலாம். போடும்போதே மரத்துல ஒரு சொட்டு படல மிஸ். கஞ்சி போடத் தெரிஞ்சவளுக்கு எடுக்கத் தெரியாதா?"