நூத்திப்பதினேழு ஓடக் கூடாது

— பதினெட்டு மணி நேரந்தானுங்கண்ணா பாக்கி! நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து அவிங்கப்பா வந்து கூட்டீட்டுப் போயிட்டாருன்னா வருசம் முடிஞ்சுது. நூத்திப்பதினேழு ஓடல!

— சாமு, மெல்லப் பேசு. ஸ்கூல் கேட்டு இன்னும் வண்டிக் கண்ணாடில தெரியுது. கண்ணு பட்டுப்போகும்.

— ஆரு கண்ணுங்க படும்? பரீச்சை முடிஞ்சுது, பெட்டி கட்டியாச்சு, படுக்கையச் சுருட்டியாச்சு. லீவுக்கு மொத நாள் எந்தப் புள்ளைங்க ஹாஸ்டல உட்டு ஓடும்?

— நம்ம நம்பரத் தெரிஞ்சும் பேசறே பாரு. ஓரி தேவுடா, இதுவரைக்கும் ஏழு பேரு நாம. ஏழு பேருல ஆறாவது படிக்கறப்ப ஓடாதவன் ஒருத்தனக் காட்டு.

— அதானுங்கண்ணா, எட்டாவதா இந்த மௌனிகாப் பொண்ணு வந்து மானத்தக் காப்பாத்தீருச்சு. பீளமேட்டு மில் ஓனரு ரங்கராஜால முடியாததச் செஞ்சு காட்டீருச்சு.

— லொள்ளா? வெள்ளகோவில் மாட்டு டாக்டரு சாமுவேலு மட்டும் பெரிய யோக்கியனாக்கும்.

— நானும் ஓடுனவந்தானுங்க. இல்லீன்னா சொன்னேன்?

— காலைல கெளம்பறப்ப எம்பட மருமக கேக்கறா, அதென்னுங்க மாமா நூத்திப்பதினேழு நூத்திப்பதினேழுன்னு குதிக்கறீங்கன்னு. சலவைக்குப் போற துணி மாறிப்போகாம இருக்க, காலர்ல ஒரு நம்பர் தெச்சிருப்பாங்கம்மா. ஒருத்தன் ப்ளஸ் டூ முடிச்சுப் போனா அந்த நம்பரு புதுசா வார புள்ளைக்கு. ஒரே நம்பர் போட்டவங்கெல்லாம் கூடப் பொறந்த மாதிரி. வருசா வருசம், இன்னைக்கு மாதிரி, பழைய மாணவர் தினத்துக்கு ஒரே வரிசைல எல போட்டு உக்காருவோம்னேன். சட்டைக் காலர்ல வந்த சொந்தமான்னு சிரிக்கறா.

— அவிங்க டே ஸ்காலருங்கண்ணா. அவிங்களுக்கு எங்க புரியும்?

— அதையே சொல்லிப்போட்டுத்தான் வண்டிய எடுத்தேன். எப்பிடியோ, பிரவீனா மேடம் இன்னைக்குச் சிரிச்சாங்க பாத்தியா? அவிங்க வார்டனா வந்ததுல இருந்து அந்தப் பல்ல நான் பாத்ததில்ல.

— சிரிக்காம? ஜூன் மாசமே சொல்லிப்போட்டாங்களே. இந்த வருசமும் நூத்திப்பதினேழு ஓடுச்சுன்னா அந்த நம்பரையே எடுத்துப்போடுவேன், நூத்திப்பதினாறுக்கு அப்புறம் நூத்திப்பதினெட்டுன்னு. எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கலீங்க.

— ஒரு நம்பருக்கா இத்தன?

— உங்களுக்கு அது நம்பருங்கண்ணா. நான் ப்ளஸ் டூ முடிச்ச வருசம் எங்கப்பனப் பந்திக்குக் கூட்டியாந்தேன், நாபகம் இருக்குதுங்களா? மெஸ் வாசப்படியிலயே நின்னுட்டாரு. எங்கூர்ல எந்த விசேசத்துலயும் அவர மொதப் பந்தில ஆரும் உக்காத்தி வெச்சதில்லீங்க. நீங்க எந்திரிச்சுப் போயி, நூத்திப்பதினேழோட அப்பா எங்க எல்லாருக்கும் அப்பாதானுங்கன்னு கையப் புடிச்சு இழுத்தாந்து, உங்க பக்கத்து எலைல உக்கார வெச்சீங்க. சாகற வரைக்கும் அதையே சொல்லீட்டிருந்தாருங்க. அந்த வரிசை நம்மளோட நின்னுபோகும்னா எனக்குத் தாங்காதுங்கண்ணா.

— டேய், வண்டி ஓட்டறவன அழ வெக்காத. ரோடு மறைக்குது.

— செரி, அழுகல. சிரிங்க. எப்பிடிச் சாதிச்சோம்! சேந்த மூணு நாளும் பொண்ணு ஒரே அழுகை. மேடம் போன் பண்ணுனாங்க. சினைமாட்டுக்கு ஊசி போட்ட கையோட ஓடியாந்து, என்ற தேங்கா லாரி கதையச் சொன்னேன். அழுகை நின்னே போச்சுங்க.

— அதென்னமோ எனக்கும் அலுக்கறதே இல்ல. இன்னொருக்கா சொல்லு.

— என்னத்தச் சொல்ல? நம்ம ஸ்கூலுக்குப் பின்னால தோப்புல தேங்கா ஏத்தற லாரியெல்லாம் காங்கயம், வெள்ளகோவில் கொப்பரைக் களத்துக்குத்தான் போகும். எம்பட ஊரு லாரின்னு ஏறிப் படுத்தேன், தூங்கிப்போனேன். களத்துல எறக்கறாங்க. தேங்காயோட தேங்காயா என்னையும் ஒரு கை புடிச்சுத் தூக்குது. பாத்தா எங்கப்பன்! ஏன்டா சாமு, முத்துன காயா நீயின்னு கேட்டுப்போட்டு, அடுத்த பஸ்சுலயே திருப்பி ஏத்தி உட்டுட்டாரு.

— முத்துன காயா நீயி! ஐயோ, வயிறு வலிக்குதுடா. ஆகஸ்ட்ல என்ற கதையச் சொன்னேன். அவளும் இப்பிடித்தான் சிரிச்சா.

— பொள்ளாச்சி சினிமாக் கதைங்களா?

— அதான். செவுத்துச் சந்துல பூந்து ஓடி, பஸ்சப் புடிச்சு, கொட்டாய்ல போயி உக்காந்துட்டேன். இண்டர்வெல்லு. லைட்டப் போட்டான். பக்கத்துச் சீட்டுல ஆரு? நம்ம பழைய வார்டன் அழகிரிசாமி சாரு, கைல முறுக்கோட! அவரும் ஸ்கூலுக்குச் சொல்லாம வந்திருக்கறாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கறோம். ரங்கராஜு, நீ என்னையப் பாக்கல, நான் உன்னையப் பாக்கலன்னாரு. பாதி முறுக்கக் குடுத்தாரு. படம் முடிஞ்சு ஒரே பஸ்சுல வந்தோம்.

— நம்ம ஏழு பேருல சென்னியப்பன் அண்ணன் கதைதானுங்க எனக்குப் புடிக்கும். ஆழியாறு டேமு வரைக்கும் ஓடிப்போயி, அன்னைக்கு ஹாஸ்டல்ல பூரின்னு நாபகம் வந்து, பந்திக்குள்ள திரும்பி வந்துட்டாரு. ஆருக்கும் தெரியல. நான் ஓடிப்போனேன் ஓடிப்போனேன்னு அவரே ஊரெல்லாம் சொல்லியும் ஒருத்தரும் நம்பல!

— மௌனிகாவுக்கு முன்னாடி இருந்தானே ரவிதேஜா, அவன் அதுக்கு மேல. பிரவீனா மேடம் போனையே எடுத்து டாக்ஸி புக் பண்ணியிருக்கறான். டாக்ஸி வந்து கேட்டுல நிக்குது. டிரைவரு ஓடிபி கேக்கறான். ஓடிபி போயி நிக்கறது மேடத்தோட போன்ல. நேராப் போயி, மேடம் அந்த நாலு நம்பரக் கொஞ்சம் சொல்லுங்கன்னு கேட்டிருக்கறான்!

— ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! அதையும் அவளுக்குச் சொல்லியாச்சுங்க. மாசத்துல மொத ஞாயித்துக்கெழமை பார்வையாளர் நாள்ல, ஒரு மாசம் நீங்க, ஒரு மாசம் நானுன்னு கதை சொல்லிச் சொல்லியே வருசத்த ஓட்டிப்போட்டோம். ஓடுனா இப்பிடித்தான் அவமானப்படோணும்னு புரிய வெச்சோமில்லீங்களா?

— புரிஞ்சுக்கிட்டா. வெவரமான புள்ள. கேள்வியாக் கேட்டா.

— ஆமாங்கண்ணா. அந்த லாரி எந்த மரத்தடில நிக்குமுங்க சின்னண்ணான்னு கேட்டா. ஒரு பேப்பர்ல வரஞ்சே காட்டுனேன்.

— வரஞ்சு காட்டுனியா? எதுக்குடா?

— புள்ளைக்குச் சரித்திரத்துல ஆர்வமுங்க.

— அட, நான் மட்டும் என்னவாம்? பொங்கல் முடிஞ்சு போனப்ப அந்தச் செவுத்துச் சந்துக்கே கூட்டீட்டுப் போயிட்டேன். நேர்ல பாத்தா ஓடற ஆசை போயிருமின்னு.

— போச்சுங்களா?

— உள்ள பூந்து அந்தப் பக்கம் போயி நின்னு, எனக்கு அளவாத்தானுங்க இருக்குது பெரியண்ணான்னா. இதுல பாம்பெல்லாம் இருக்கும் கண்ணுன்னு சொல்லித் திருப்பிக் கூட்டியாந்தேன். அறுவது வயசு எனக்கு, பேத்தியாட்ட இருக்கறா, கூப்புடறது பெரியண்ணா. கேக்கறப்ப எப்பிடி இருக்குது தெரியுமா?

— பிப்ரவரில ஸ்போர்ட்ஸ் டேல எண்ணூறு மீட்டர்ல மொதலா வந்தா. நாம ரெண்டு பேரும் கம்பியப் புடிச்சுட்டு, ஓடு கண்ணு ஓடுன்னு கத்துனமே, மேடம் பாத்த பார்வை!

— நம்மள எரிச்சே போட்டிருப்பாங்க. சாமு, உம்பட போனு அடிக்குது பாரு.

— மேடந்தானுங்க! வாழ்த்துச் சொல்றாங்களாட்ட இருக்குது. வணக்கமுங்க மேடம்! ஆமாங்க, அம்பராம்பாளையம் பாலத்துக்கிட்ட வந்துட்டோம். என்னுங்க? எப்பங்க? சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருத்தருமே பாக்கலீங்களா? நர்ஸ் ரூம்லீங்க? மாடிலீங்க? செரிங்க. செரிங்க மேடம். இப்பவே திரும்பறோமுங்க.

— என்னடா? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுக்குது?

— ஓடீருச்சுங்கண்ணா.

— எது?

— நூத்திப்பதினேழு.

— ஓரி தேவுடா! நாளைக்கு அவிங்கப்பன் வாரானேடா!

— வண்டிய ஓரங்கட்டுங்க. ஐயோ, நாந்தானுங்க லாரி நிக்கற எடத்த வரஞ்சு குடுத்தேன்!

— நான் சந்தையே காட்டுனனே! பாம்பு இருக்குதுன்னு வாயில வந்ததச் சொன்னேன், நெசமாலுமே இருந்துபோச்சுன்னா? சாமு, பதினோரு வயசுப் புள்ளைடா. நம்பரு போனாப் போகுது, புள்ள எங்க போச்சு?

— நான் லாரி தோப்புல போயித் தேடறேன், நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. ஆண்டவரே, கதையாங்கண்ணா சொன்னோம்? வழிதான சொல்லிக் குடுத்திருக்கறோம்!

— பேசாத, உக்காரு. வண்டியத் திருப்பறேன்.

— பெரியண்ணா, திருப்பாதீங்க! இன்னும் பொள்ளாச்சியே வரலீங்களே!

— ஆரது?

— நாந்தானுங்க. கடைசிச் சீட்டுல.

— மௌனிகா! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! எப்ப ஏறுனே அம்மணி?

— நீங்க ரெண்டு பேரும் சென்னியப்பன் அண்ணங்கிட்ட அரை மணி நேரமா டாட்டா சொல்லீட்டிருந்தீங்களே, கதவு தொறந்தே கெடந்துதுங்க. சந்துல பாம்பு. லாரில ஏறுனாத் தூங்கிப்போவேன். டாக்ஸிக்கு ஓடிபி. யோசிச்சுப் பாத்தேன், உங்க வண்டிதானுங்க சேஃப்டி.

— சாமு, மொதல்ல மேடத்தக் கூப்புட்டுச் சொல்லு.

— என்னன்னுங்கண்ணா சொல்றது? ஓடுனான்னு சொன்னா நம்பரு போயிருமே.

— போனக் குடு இப்பிடி. மேடம், ரங்கராஜ் பேசறேனுங்க. புள்ள எங்களோடதானுங்க இருக்குது. பொள்ளாச்சில ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கலாம்னு நாங்கதான் கூட்டியாந்தோம். சொல்ல மறந்து போச்சுங்க. தப்புத்தானுங்க. திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆமாங்க, வயசாச்சே தவிர புத்தி இல்லீங்க. ஆறு மணிக்குள்ள கொண்டாந்து உட்டர்றோமுங்க. ஓடலீங்க, ஓடவே இல்லீங்க. அப்பாடா! நம்பரு தப்பிச்சுதுடா சாமு!

— அண்ணா, புள்ள அழுகுது பாருங்க.

— ஏன் கண்ணு? திட்டு வாங்குனது நானு, அழுகறது நீயா?

— ஏனுங்க பெரியண்ணா அப்பிடிச் சொன்னீங்க? நீங்க கூட்டியாந்ததாச் சொன்னா, நான் ஓடுனதா ஆகுமுங்களா?

— ஆகக் கூடாதுன்னுதான் கண்ணு சொன்னேன். ஊட்டு நெனப்பு வந்துருச்சா? நாளைக்கு அப்பா வாராரில்ல?

— எனக்கு ஹாஸ்டலு புடிச்சுத்தானுங்க இருக்குது. ஆனா நாளைக்குப் போயிட்டா ஆறாவது முடிஞ்சு போகுமே, அப்புறம் எப்பிடீங்க ஓடறது? நீங்க ஏழு பேரும் ஆறாவதுலதானுங்களே ஓடுனீங்க?

— அதுக்காக நீயும் ஓடோணுமா அம்மணி?

— மத்தியானம் பந்தில சென்னியப்பன் அண்ணன் சொன்னாருங்களே சின்னண்ணா. இந்த வரிசை ஓடுனவங்களுக்கு, நீ இன்னும் ஓடல, எதுத்தாப்புல உக்காருன்னு. எல்லாரும் சிரிச்சீங்க.

— அது வெளையாட்டுக்குச் சொன்னது கண்ணு. நீயுந்தான் சிரிச்சே.

— சிரிச்சேனுங்க. ஆனா அந்தப் பக்கம் நான் ஒருத்திதானுங்களே எலைல உக்காந்திருந்தேன்.

— அண்ணா.

— நீ ஒண்ணும் சொல்லாத சாமு. உங்கப்பன் மூஞ்சிதான் எனக்கும் நாபகம் வருது. நாமளே இப்பிடிப் பண்ணிப்போட்டமேடா.

— வண்டியத் திருப்பாதீங்கண்ணா. இவ இன்னைக்கு ஓடியே ஆகோணும்.

— கண்ணத் தொடச்சுக்க கண்ணு. இந்தப் பக்கம் தோப்புதான், கம்பி வேலி எதுவும் இல்ல. கதவத் தொறந்து எறங்கி ஓடு. நாங்க ரெண்டு பேரும் நூத்திப்பதினேழு வரைக்கும் எண்ணீட்டு, புடிக்க வாரோம்.