இடது கை வெட்டு

சின்னத்தம்பி: ...சொல்றதைக் கேளு புள்ள. கங்காணி வர்றதுக்குள்ள அந்தக் கத்தியை என்கிட்ட குடுத்துடு.

பேச்சியம்மாள்: குடுக்க மாட்டேன்.

சின்னத்தம்பி: ஒன் நிரையில நிக்கிற மரத்துலயும் சேத்து நானே பால் வெட்டிடுறேன். எனக்கு என்ன, கை வலிக்கவா போவுது?

பேச்சியம்மாள்: எத்தனை நாளைக்கு மாமா? மூவார் ஆஸ்பத்திரியில கட்டு பிரிச்சதுல இருந்து என் மரத்தையும் நீங்கதான் வெட்டுறீங்க. அது கங்காணி காதுக்குப் போயிருச்சு. அதனாலதானே இன்னைக்கு என் கண்ணு முன்னால வெட்டிக் காட்டுன்னு வர்றாரு.

சின்னத்தம்பி: என்னத்தைக் காட்டுவ? பால் வாளியோட விழுந்ததுல இருந்து ஒன் வலது மணிக்கட்டு திரும்பவே மாட்டேங்குது.

பேச்சியம்மாள்: இடது கையால காட்டுவேன்.

சின்னத்தம்பி: வேணாம் பேச்சி. அது ஆவாத காரியம்.

பேச்சியம்மாள்: பாக்காமலே சொன்னா எப்படி?

சின்னத்தம்பி: சொல்றேன்ல. கத்தி ஆழமாப் போய் மரத்துல காயம் பட்டா நம்ம கதை முடிஞ்சுது. ரப்பர் வெலை விழுந்தப்பவே புல்லு வெட்டுற ஆளுங்களை எல்லாம் நிறுத்திட்டாங்க. பால் வெட்டத் தெரிஞ்சா தோட்டம், இல்லன்னா ஊருக்குத் திருப்பி அனுப்புற கப்பல். போன மாசம் சதாசிவம் குடும்பம் அழுதுகிட்டே லாரியில ஏறுனதைப் பாத்தல்ல?

பேச்சியம்மாள்: பாத்தேன். ஊர்ல எனக்கு யாரு இருக்கா, அங்க போய் எந்த வாசல்ல நிக்கிறதுன்னு அன்னைக்குப் பூரா யோசிச்சேன். மறுநாள்தான் கத்தியைக் கையில எடுத்தேன்.

சின்னத்தம்பி: எங்க? எப்ப?

பேச்சியம்மாள்: கோயிலுக்குப் பின்னால வெட்டிச் சாய்க்கப் போற கெழட்டு மரங்க நிக்குதுல்ல... அங்க. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு முந்தி.

சின்னத்தம்பி: தண்ணிக்குப் போறேன்னுட்டுப் போவியே...

பேச்சியம்மாள்: தண்ணிக்கும்தான் போனேன். கத்தியைக் குடத்துப் பக்கத்துலயே வச்சுக்குவேன். குடத்தை எடுக்கிற கை அதையும் எடுத்துரும். யோசிக்க நின்னாத்தானே சோம்பல் வரும்?

சின்னத்தம்பி: அடிப்பாவி. எத்தனை மரம் வெட்டுவ?

பேச்சியம்மாள்: ஒண்ணே ஒண்ணு. பத்து மரம்னு ஆரம்பிச்சிருந்தா அடுத்த நாளே படுத்திருப்பேன். நல்லா வந்தாலும் ஒண்ணு, நாசமாப் போனாலும் ஒண்ணு. அப்புறம் கை தானா ரெண்டாவது மரம் கேட்டுச்சு.

சின்னத்தம்பி: மழையில?

பேச்சியம்மாள்: மழையில மரத்தைத் தொடக் கூடாதே... வாழைத்தண்டைச் சீவுவேன்.

சின்னத்தம்பி: கஞ்சியைக்கூட இடது கையால கிண்டுனியே, அதுவும் இதுக்குத்தானா? கை வலியிலன்னு நெனச்சேன்.

பேச்சியம்மாள்: பீச்சாங்கையால ஒலை வைக்கிறா, வீடு வெளங்குமான்னு பக்கத்து வீட்டு வெள்ளையம்மா லயத்துல வீடு வீடா சொல்லி வச்சா. சொல்லட்டும்னு விட்டுட்டேன்... இருங்க, சைக்கிள் சத்தம் கேக்குது.

சின்னத்தம்பி: வந்துட்டாரு. பேச்சி, இன்னும் ஒரு தரம் யோசி...

கங்காணி: என்ன சின்னத்தம்பி, ஒன் நிரை அந்தப் பக்கம்ல கெடக்கு. இங்க என்ன வேலை?

சின்னத்தம்பி: பொண்டாட்டி வெட்டுறதைப் பாக்க வந்தேன் கங்காணி.

கங்காணி: பாரு, பாரு. கை மட்டும் வைக்காத. ம்... ஆரம்பி பேச்சி. பழைய வெட்டுக் கோட்டுல காஞ்சு கெடக்கிற பாலை மொதல்ல உரி... ஏய், நிறுத்து. எந்தக் கை அது?

பேச்சியம்மாள்: இடது கை கங்காணி.

கங்காணி: அலமாக், என்ன அநியாயம் இது... பீச்சாங்கையால மரத்தைத் தொடுறதா? ஒரு வெத்தலைகூட அந்தக் கையால குடுக்க மாட்டோம். இது சோறு போடுற மரம்.

பேச்சியம்மாள்: மரத்துக்குக் கத்திதான் தெரியும் கங்காணி. எந்தக் கை பிடிச்சிருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

கங்காணி: வாய் ஒனக்கு நல்லா வெட்டுது.

பேச்சியம்மாள்: கையும் வெட்டும். காயம் பட்டா நீங்க சொல்ல வேணாம், நானே கப்பலுக்கு மூட்டை கட்டிடுறேன்.

கங்காணி: அம்மன் மேல பாரத்தைப் போட்டு வெட்டு... என்ன இது, வழக்கத்துக்கு மாறா நிக்கிற?

பேச்சியம்மாள்: இந்தக் கைக்கு இப்படித்தான் நிக்கணும். வலது கை சும்மா கத்திக் காம்பு மேல சாஞ்சு கெடக்கும். இழுக்கிறது இதுதான்.

சின்னத்தம்பி: மெதுவா புள்ள... அவசரப்படாத...

கங்காணி: நீ சும்மா இரு.

சின்னத்தம்பி: பட்டையைப் பாருங்க கங்காணி. எவ்ளோ மெல்லிசா விழுது பாருங்க.

கங்காணி: எனக்கும் கண்ணு இருக்கு. ம்... போதும். தள்ளி நில்லு, கத்தி கட்டை வரைக்கும் போயிருக்கான்னு நகத்தை வச்சுப் பாக்கணும்.

பேச்சியம்மாள்: நல்லாப் பாருங்க கங்காணி.

கங்காணி: அடுத்த மரத்தை வெட்டு.

பேச்சியம்மாள்: என்ன கங்காணி, காயமா?

கங்காணி: வெட்டுன்னா வெட்டு.

சின்னத்தம்பி: அவ கொஞ்சம் மூச்சு விடட்டும் கங்காணி...

பேச்சியம்மாள்: வேணாம் மாமா. தள்ளுங்க.

கங்காணி: ...ம். இதுலயும் கட்டை தெரியல. பால் கோட்டை விட்டு எறங்காம நேரா மங்குக் கிண்ணத்துல விழுது. ஏம்மா, எத்தனை வருசமா பால் வெட்டுற?

பேச்சியம்மாள்: இந்தக் கையிலயா, அந்தக் கையிலயா?

கங்காணி: நல்லாக் கேட்ட. நான் இந்தத் தோட்டத்துக்கு வந்ததுல இருந்து எத்தனையோ பேருக்குக் கத்தி குடுத்திருக்கேன். பாதிப் பேருக்கு நல்ல கையிலயே இப்படி வராது. ஆபீசுல கணக்கு எழுதுற கிராணிகிட்ட நானே சொல்லிடுறேன். ஒன் நிரை ஒனக்குத்தான். இனிமே ஒன் புருசன் இந்தப் பக்கம் கத்தியோட வந்தா, அவனைத்தான் கப்பல்ல ஏத்துவேன்.

சின்னத்தம்பி: ஏத்துங்க கங்காணி, ஏத்துங்க. சந்தோசமாப் போறேன்.

கங்காணி: போடா, போய் ஒன் மரத்தைப் பாரு. வெயில் ஏறுனா பால் நின்னுரும். நான் வரேன்.

பேச்சியம்மாள்: ...மாமா. கேட்டீங்களா? என் நிரை எனக்குத்தானாம்.

சின்னத்தம்பி: கேட்டேன். தங்காக் சந்தை வரைக்கும் போய்ச் சொல்லணும் போல இருக்கு. எம் பொண்டாட்டி ரெண்டு கையாலயும் பால் வெட்டுறவன்னு.

பேச்சியம்மாள்: இங்கயே நில்லுங்க. கண்ணைத் தொடச்சுக்குங்க மொதல்ல.

சின்னத்தம்பி: பனி விழுந்துருச்சு... ஏன் புள்ள, அந்த இடது கைக் கட்டைவெரல் மரத்துப் போறது எப்ப நின்னுச்சு? தோள்பட்டை எரிச்சல் எப்படியும் கொஞ்ச நாள்ல போயிரும். வெரல்தான் பிடியை விட்டுரும்.

பேச்சியம்மாள்: வெரல் மரத்துப் போனதை நான் ஒங்ககிட்ட மூச்சு விடலையே. வலது கைக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

சின்னத்தம்பி: கட்டு பிரிச்ச வாரமே நானும் ஆத்தோரத்துல பட்டுப் போற மரத்துல இடது கையால வெட்டிப் பாத்தேன் புள்ள. எனக்கு வந்தா ஒனக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு. இழுத்த பக்கமெல்லாம் காயம். நாலஞ்சு நாள்ல கத்தியைக் கீழ போட்டுட்டேன். எனக்கே வரல, ஒனக்கு எங்க வரப்போவுதுன்னு நெனச்சேன்... அதான் வேணாம் வேணாம்னேன்.