மிர்த்தா கடையில் உப்புக் கூடிய மாதம்

— திரும்பவும் உப்புக் கூடிட்டுது, சண்முகராசா அண்ணை. மூண்டாம் மேசைக்காரர் கறுத்த பீன்ஸை அப்பிடியே தள்ளி வைச்சிட்டினம்.

— தண்ணி விட்டுக் கொதிக்க வைக்கிறன், பாமா.

— நேற்றும் இதைத்தானே சொன்னனீங்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலை எண்டுவினம். உங்கட பண்டம் உப்போடையே குப்பைக்குப் போகுது. சும்மா சொல்லக்கூடாது, இருபத்திரண்டு வருசமாக் கியூபாச் சாப்பாடு சமைக்கிற மனுசன் நீங்கள். இந்த லண்டன் தோர்ண்டன் ஹீத்திலை எங்கட ஆக்களின்ரை பத்துக் கடையைத் தாண்டி வந்து இஞ்சை வரிசையிலை நிண்ட சனம், இப்ப தண்ணிப் போத்தில் கேக்குது.

— சரி.

— என்ன சரி? வெளியிலை ராபேல் ஆரோ ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறான். வந்தவன் சுவரை அளக்கிறான். தாய் மிர்த்தா செத்து ஒரு மாசம் ஆகேல்லை, மகன் கடையை விக்கப் போறான். சனம் குறைஞ்சுதெண்டால் அவனுக்கு அது நல்ல சாட்டு.

— அவன்ரை கடை. விக்கட்டும்.

— பிறகு நீங்கள் எங்கை போவியள்? இந்த வயசிலை ஆர் எடுப்பினம்?

— தெரியாது.

— உங்களுக்கு ஒண்டுமே இல்லையோ அண்ணை? மிர்த்தாவின்ரை செத்தவீட்டிலை எல்லாரும் அழுதம். நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. நேரா இஞ்சை வந்து வெங்காயம் வெட்டினனீங்கள்.

— வெங்காயத்துக்கும் வரேல்லை.

— சரி, அதை விடுங்கோ. இந்தாங்கோ கரண்டி. ஒருக்கால் வாயிலை வைச்சுப் பாருங்கோ.

— ஏலாது.

— ஏன் ஏலாது?

— உள்ளுக்குப் பண்டிக்கால் இறைச்சி கிடக்கு.

— இருபத்திரண்டு வருசமாக் கிடக்கிற பண்டிக்கால்தானே?

— செத்தவீட்டுத் துடக்கு, பாமா. முப்பத்தொரு நாள் முடியும் வரைக்கும் மச்சம் மாமிசம் தொடமாட்டன். இண்டைக்கு இருபத்தொன்பது.

— ஐயோ, ஊரிலை ஆரும் மோசம் போயிட்டினமோ? ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

— மிர்த்தாவுக்கு.

— அண்ணை, அவ உங்களுக்குச் சொந்தமோ? இரத்த உறவுக்கல்லோ துடக்கு. கோயில் ஐயர் கேட்டால் சிரிப்பார்.

— சிரிக்கட்டும்.

— கடை போகப் போகுது, நீங்கள் நாள் எண்ணுறியள். மிர்த்தா இருந்தால் அந்தக் கரண்டியை உங்கட வாய்க்குள்ளை திணிச்சிருப்பா.

— திணிக்க மாட்டா. இரண்டாயிரத்தெட்டிலை என்ரை அம்மா செத்தவ. என்ரை பாஸ்போட் விசாவுக்கெண்டு ஹோம் ஒபிசிலை கிடந்தது, ஊருக்குப் போக ஏலேல்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்தன். மத்தியானம் நான் இறைச்சியைத் தள்ளி வைச்சதைப் பாத்திட்டு ஏனெண்டு கேட்டா. அப்ப எனக்கு இங்கிலிசும் அரைகுறை. முப்பத்தொரு நாளெண்டு விரலிலை காட்டினன். அவ தன்ரை கோப்பையிலை கிடந்த இறைச்சியை எடுத்துத் திரும்பச் சட்டிக்குள்ளை போட்டா.

— ஏன்?

— முப்பத்தொரு நாளும் என்னோடை சேந்து இருந்தா. சிலுவை போட்ட மனுசி. இந்த அடுப்படியிலை மாட்டுக்கும் பண்டிக்கும் நடுவிலை நிண்டு சோறும் வாழைப்பழப் பொரியலும் திண்டா. என்ரை அம்மா தனக்கு என்ன முறை எண்டு கேக்கேல்லை.

— எனக்கு இது தெரியாதண்ணை.

— நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

— அப்ப அந்த நாளெல்லாம் உப்பு ஆர் பாத்தது?

— ராபேல். யூனிவர்சிற்றி படிச்சுக்கொண்டிருந்தவன். பத்து மணிக்கு வந்து எல்லாச் சட்டியையும் ருசி பாத்திட்டுத்தான் வகுப்புக்குப் போவான். தாயைத் திட்டிக்கொண்டு பாப்பான்.

— சரி, இந்தச் சட்டியை இறக்குங்கோ. வேறை பீன்ஸ் போடுங்கோ, நான் ருசி பாக்கிறன். நாளைக்கும் திங்களும் ஒன்பது மணிக்கே வாறன். கோதாரி விழுந்த பஸ் வந்தால்.

— ஓம். பாத்துச் சொல்லு. வெளியிலை நிக்கிறவைக்கு என்ன குடுத்தனி?

— அளக்க வந்தவன் மாட்டிறைச்சி திண்டவன். ராபேலுக்கு வழக்கம் போலத்தான். சோறும் வாழைப்பழப் பொரியலும்.

— பீன்ஸ்?

— பீன்ஸும் வேண்டாமாம். விக்கப் போற கடையிலை வயிறு நிறையத் தின்னக் கூச்சமாக்கும்.

— எப்ப தொடக்கம் இப்பிடிச் சாப்பிடுறான்?

— தாய் செத்த நாள் தொடக்கம். நாளெண்ணுறதிலை மட்டும் கெட்டிக்காரன். இரண்டாம் நாளே என்னட்டை வந்து, "முப்பத்தொரு நாள்தானே?" எண்டு கேட்டவன். எங்களுக்கு நோட்டீஸ் தரப் போறானாக்கும் எண்டு நினைச்சு ஓமெண்டு சொன்னனான். இப்பவும் அந்த ஆளிட்டை, திங்கக்கிழமை முடியட்டும், அதுக்குப் பிறகு கதைப்பம் எண்டுதான் சொல்லிக்கொண்டு நிக்கிறான்.

— திங்கக்கிழமை எண்டோ சொன்னவன்?

— ஓம். ஏன் அண்ணை அடுப்பை நிப்பாட்டினனீங்கள்?

— வரேக்கை வாழையிலை வாங்கிக்கொண்டு வா. திங்கக்கிழமை மிர்த்தாவுக்குப் படைக்கோணும்.

— எத்தினை இலை?

— மூண்டு. ஒண்டு அவவுக்கு. ஒண்டு எனக்கு. மற்றது, வெளியிலை துடக்குக் காத்துக்கொண்டு நிக்கிறவனுக்கு.