மில் தெருப் பள்ளம்

வாண்டா: ...பூட்ஸ்ல இருக்கிற பனியைத் தட்டிட்டு உள்ள வாங்க, வக்கீல் சார். கோர்ட்டுல என் பையனைத் தோற்கடிச்சவருக்கு என் வீட்டு வழி ஞாபகம் இருக்கே.

லியோ: பதினோரு வருஷமா மில் தெருப் பக்கமே வரலை, வாண்டாம்மா.

வாண்டா: நீங்க வரலைன்னா என்ன, உங்க மாநகராட்சி வண்டி பனி தள்ள வருது. உக்காருங்க. கசகசா ரொட்டி இருக்கு. எதிர்த்தரப்பு வீட்டுல சாப்பிட சட்டத்துல இடம் இருக்கா?

லியோ: வெள்ளிக்கிழமையோட ரிட்டயர் ஆகறேன். அப்புறம் தாராளமா சாப்பிடலாம்.

வாண்டா: எத்தனை வருஷம்?

லியோ: இருபத்தேழு. நாலு மேயரைப் பார்த்துட்டேன்.

வாண்டா: அப்ப பார்ட்டி உண்டு.

லியோ: இருந்தது... இனிமே இருக்காது. டெடி எப்படி இருக்கான்?

வாண்டா: டெட்ராய்ட்ல இருக்கான். கால் அப்படியேதான். குளிர் வந்தா கம்பு இல்லாம நடக்க முடியாது. பத்தொம்பது வயசுல சைக்கிளோட அந்தப் பள்ளத்துல விழுந்தவன்... நீங்க என்ன சொன்னீங்க கோர்ட்டுல?

லியோ: பள்ளம் இருக்குன்னு யாராவது முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தாத்தான் மாநகராட்சி பொறுப்புன்னு சொன்னேன். அப்படி ஒரு கடிதமும் வரலைன்னு...

வாண்டா: ஆமா. ஒரே வரியில முடிச்சிட்டீங்க.

லியோ: வந்திருந்தது, வாண்டாம்மா.

வாண்டா: எப்ப?

லியோ: விபத்துக்கு மூணு மாசம் முன்னாடியே. தெருவிளக்கு ஃபைல்ல சொருகிக் கிடந்தது. வந்து சேர்ந்த சீல் இருக்கு. சீலுக்குக் கீழ... சொல்லவே கஷ்டமா இருக்கு. உங்க வீட்டுக்காரர் இனிஷியல்.

வாண்டா: ஸ்டான்லிதானே உங்க மாநகராட்சி ஆபீஸ்ல தபால் வாங்கற ஆளு. போன வருஷம் போய்ச் சேர்ந்த மனுஷன்... எப்ப கிடைச்சது உங்களுக்கு? ரூமைக் காலி பண்றப்பவா?

லியோ: அப்படித்தான் சொல்லணும்னு கார்ல நினைச்சுக்கிட்டு வந்தேன். இல்லை. தீர்ப்பு வந்த மறுவாரமே.

வாண்டா: பதினோரு வருஷமாவா...

லியோ: சொன்னா ஸ்டான்லி வேலை போயிடும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அது பாதிதான். அப்ப தலைமை வக்கீல் நாற்காலி காலியா இருந்தது. ஜெயிச்ச கேஸ் எனக்கு வேண்டியிருந்தது.

வாண்டா: உக்காந்தீங்களா?

லியோ: உக்காந்தேன். திட்டுங்க, வாண்டாம்மா.

வாண்டா: காபி ஆறுது, குடிங்க. இதை வெளிய சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்?

லியோ: வக்கீல் உரிமம் போகும். போகட்டும். டெடி கேஸைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேக்கலாம்.

வாண்டா: வேணாம், லியோ. விட்டுடுங்க. செத்தவரு பேரை எதுக்கு இப்ப...

லியோ: காலையிலேயே அந்தக் கடிதத்தைத் தபால்ல போட்டுட்டேன். நீதிபதிக்கு ஒரு நகல், டெடிக்கு ஒரு நகல்.

வாண்டா: டெடிக்கா... டைப் அடிச்சா?

லியோ: இல்லை, அப்படியே. கையால எழுதின கடிதம். பேர் போடலை, 'மில் தெருவாசி'ன்னு மட்டும் இருக்கு. எழுதினவங்க யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவங்க அன்னிக்குக் கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டெடி ஜெயிச்சிருப்பான்.

வாண்டா: வந்திருந்தாங்க. ரெண்டாவது வரிசையில, ஸ்டான்லி கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க... டெடிக்குப் பார்த்த உடனே தெரியும், லியோ. அவனுக்கு எழுதப் பழக்கின கையோட எழுத்து அது.