லியோன் ஒக்கார ஒரு சீட்டு

...இதுவும் ஆகல முஹ்ஸின் நானா, இதுவும் ஆகல! மூணாவது சீட்டு இது. மூணாவது! குருவிட்ட டவுன்ல எத்தன சைக்கிள் கடை இருக்கு, நான் வேற எங்கயாச்சும் போனேனா? ஒங்க கடையே கதின்னு கெடக்கேன்... இல்ல, நாற்காலி வேணாம். வேணாங்கிறேன்ல! ஒக்கார முடிஞ்சா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?

கோவிச்சுக்காதீங்க. காலையில இருந்து நின்னபடியே இருக்கேனா, வாய் தன்னால கத்துது.

மொத சீட்டு... அந்த ஒல்லிச் சீட்டு, ரேஸ் ஓடுற பயலுகளுக்கு உள்ளது. நீங்க அப்பவே சொன்னீங்க, "லியோன், இது ஒனக்கு ஒத்து வராது"ன்னு. நான் கேட்டேனா? பாக்க ஷோக்கா இருக்குன்னு வாங்கிட்டேன். ஹரி, சரிதான், அது என் தப்பு. ஒரு நாளைக்குப் பதினாலு கிலோமீட்டர் மிதிக்கிறேன். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், ஃபேக்டரி, திரும்ப மேல் டிவிஷன். ரப்பர் தோட்டத்து ரோடு ஒங்களுக்குத் தெரியாததா? கல்லு, குழி, கல்லு, குழி. ஒல்லிச் சீட்டு குத்தத்தான் செய்யும்.

ரெண்டாவதா ஸ்ப்ரிங் வச்ச அகலச் சீட்டு குடுத்தீங்க. அதுக்கு முந்தி என்ன செஞ்சீங்க? பிஸ்கட் பெட்டியக் கிழிச்சுப் போட்டு அதுல ஒக்காரச் சொன்னீங்க! ரெண்டு எலும்பு பதிஞ்ச பள்ளத்த அளந்துதான் சீட்டு தரணும்னு. கடை வாசல்ல, நூறு பேரு பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல! நீங்க குனிஞ்சு என் பின்பக்கத்து அளவ அடிமட்டத்தால அளக்குறீங்க, எங்க தோட்டத்துக் கோகிலா அக்கா பஸ்ல ஏறாம நின்னு பாக்குறாங்க. அன்னிக்குப் பொழுது சாயிறதுக்குள்ள தோட்டம் பூரா ஒரே பேச்சு. "பதிமூணு சென்டிமீட்டர் வாராரு"ன்னு கூப்புடுறாங்க நானா என்னைய!

சிரிங்க, சிரிங்க.

ஆனா ஒண்ணு, அளவு சரியாத்தான் இருந்துச்சு. குத்து நின்னுருச்சு. சீட்டோட ஒயரத்தக் கூட்டுனீங்க, மூக்கத் தாழ்த்துனீங்க, முட்டி வலியும் போச்சு. ஆனா எரியுதே! மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது! சரின்னு மூணாவதா இந்த ஜெல் சீட்டு. ஒடம்பு சூட்டுக்கு எளகி மெத்துமெத்துன்னு இருக்கும்னீங்க. இதுல இன்னும் எரியுது!

எனக்கு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகட்டும். என் கலியாணமே எரியுது நானா!

போன ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போனேன். ஒம்பது கிலோமீட்டர் தள்ளி, ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் பஸ் ஏது? சைக்கிள்லதான் போனேன். மெரினா. பேரே எப்பிடி இருக்கு பாருங்க! பிள்ளை மடுவத்துல பச்சப் புள்ளைகளப் பாத்துக்கிற வேல. தேத்தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு நேரா மூஞ்சியப் பாத்து, "சீனி காணுமா?"ன்னு கேட்டாங்க. காணும், இதுவே போதும்னேன். அதுல சீனியே இல்ல! அதுவே தெரியல எனக்கு.

ஆனா நான் ஒக்காரல.

தேவதாசன் மாமா, அவங்க அப்பா, நாற்காலியத் தொடச்சுப் போட்டாரு. "இருக்கட்டும் மாமா." ஸ்டூல் கொண்டாந்தாரு. "இருக்கட்டும் மாமா." கட்டில்ல புது வெட்ஷீட்டு விரிச்சாரு! "இருக்கட்டும் மாமா." ஒண்ணர மணித்தியாலம் செவுத்துல சாஞ்சு நின்னேன் நானா. கடைசியில அந்த மனுசன் மொகமே செத்துப் போச்சு. "ஏன் தம்பி, எங்க வூட்டுல ஒக்காந்தா ஒங்களுக்குக் கொறச்சலா?"ன்னு கேட்டாரு. என்னத்தச் சொல்றது? "மாமா, எரியுது"ன்னு பொண்ணுக்கு முன்னாடியா சொல்றது? அவங்க பெரியம்மா தெரேசம்மா வேற, குசினிக்குள்ள இருந்து, "இவனுக்கு மூலம்டி"ன்னு சொன்னது முன்வாசல் வரைக்கும் கேட்டுச்சு. ஏசப்பா!

நாளைக்கு அவங்க வூட்டுக்கு ஃபாதர் வாராரு. அவரு முன்னாடி ஒக்காந்து பேசி முடிச்சாத்தான் கோயில்ல எங்க கலியாண ஓலை வாசிப்பாங்க. நாளைக்கும் நான் நின்னேன்னு வைங்க, வேற எடம் பாத்துருவோம்னு மாமா சொல்லி அனுப்பிட்டாரு. மெரினா எனக்கு இல்லன்னா நான் என்னத்துக்கு ஆவேன் சொல்லுங்க? அதுனால கெஞ்சிக் கேக்குறேன், இந்தச் சீட்ட மாத்தி... ஏய் ஏய், அத ஏன் கழட்டுறீங்க? கவரப் பிரிக்காதீங்க நானா! அது... சரி, பிரிங்க. பாத்துருங்க. ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?

உள்ள இருக்கிற அந்த மெத்த நம்ம கைவேல!

ஆமா, ரப்பர்தான். அசல் பால். மொத சீட்டு குத்துனப்பவே செஞ்சுட்டேன். மாத்தி மாத்தி மூணு சீட்டுக்கும் இதத்தான் கவருக்குள்ள வச்சுத் தச்சுக்கிறேன். அமுக்கிப் பாருங்க... எப்பிடி? கடையில இருக்குதா இந்த மாதிரி? ஃபேக்டரியில பாலுக்கு அசிட் ஊத்துறதே நான்தானே, நமக்குத் தெரியாத வேலையா? அன்னிக்கு அவசரம், காலையில மிதிக்கணும். அதுனால அசிட்டக் கொஞ்சம்... ஒரு மூணு மடங்கு கூட்டிப் போட்டேன். சட்டுன்னு பால் கட்டியாயிருச்சு. ரோலர்ல வுட்டா அப்பளமாட்டம் ஆயிரும்னு ரோலர்லயும் வுடல. ரோலர் எதுக்குன்னா, உள்ள நிக்கிற அசிட் தண்ணியப் புழிஞ்சு எடுக்கத்தான். பொறகு நல்ல தண்ணியில மூணு வாட்டி அலசணும். அலசலன்னா தோலு... தோலு வந்து...

நானா.

நான் அலசல.

அடப் பாவி லியோனு! ஒவ்வொரு வாட்டி ஒக்காரயிலயும் நானே புழிஞ்சு நானே பூசிக்கிட்டு இருந்திருக்கேன்! ஒங்க மூணு சீட்டுலயும் ஒரு குத்தமும் இல்ல. அந்த ஒல்லிச் சீட்டத் தவிர. அதுவும் நீங்க சொல்லித்தான் குடுத்தீங்க. மன்னிச்சுக்கங்க நானா, ஊரெல்லாம் ஒங்கள ஏசிட்டேன். பெல்மதுளையில கூட ஏசிட்டேன்...

என்ன கேட்டீங்க? இது ஒண்ணுதான் செஞ்சேனான்னா?

...மாதாவே!

மெரினாவும் சைக்கிள்லதான் நானா வேலைக்குப் போறாங்க! நான் நின்னதுல மனசு சங்கடப்பட்டிருப்பாங்களேன்னு, புதங்கெழம ஒண்ணு செஞ்சு, ஓரமெல்லாம் வெட்டி, பூப்போட்ட துணியில தச்சு, அவங்க மாமா மகன்கிட்டக் குடுத்தனுப்பிட்டேன். அதுக்கு அசிட்டு... ஐயோ, அது இன்னும் நல்லா எறுகணும்னு நாலு மடங்கு!

போன் அடிக்குது. அவங்கதான்! நீங்க எடுங்க நானா. நீங்க எடுத்து லியோன் செத்துப் போயிட்டான்னு சொல்லிருங்க. வேணாம், குடுங்க.

ஹலோ... ஆ, மெரினா, சொல்லுங்க... ஆமா... வெள்ளிக்கெழமயில இருந்தா? ...நின்னுக்கிட்டேவா? வேலையிலயும்? ...ஐயோ மெரினா, கும்புடுறேன், வேணும்னு செய்யல... என்னது? நீங்களே மோந்து பாத்துக் கண்டுபுடிச்சிட்டீங்களா? ஆமா, அதுவும் ரப்பர் தோட்டம்தானே, தெரியாமயா போகும்... அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா?! என்ன சொன்னாரு? ...சிரிச்சாரா? "பாவம் அந்தப் பய, நம்ம நாற்காலிய ஒதுக்கல"ன்னா சொன்னாரு? ...தெரேசம்மா பெரியம்மா நம்ப மாட்டேங்கிறாங்களா? நம்பாட்டிப் போகட்டும்! ...நாளைக்கா? ஃபாதர்கிட்ட எப்பிடி... ரெண்டு பேருமா? ...ஹரி. ஹரி மெரினா. நானும் நிக்கிறேன்.

வச்சிட்டாங்க.

நானா, கேட்டீங்களா? ஃபாதர மட்டும் ஒக்கார வைக்கலாமாம். நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னே பேசி முடிச்சிரலாம்னு சொல்றா! சொல்றாங்க.

என் ரப்பரத் தூக்கி வீசிட்டு இந்த ஜெல் சீட்ட மாட்டி வைங்க, அதையே வச்சுக்கிறேன். பொறகு, லேடீஸ் சைக்கிளுக்கு உள்ளது ஒண்ணு எடுங்க, நல்லதா... இல்ல, அளவு தெரியாது. பிஸ்கட் பெட்டிய வேணும்னா குடுங்க, கொண்டு போறேன். ஆனா அதுல ஒக்காருங்கன்னு இப்ப நான் அவங்ககிட்டக் கேக்க மாட்டேன் நானா, ஓலை வாசிச்சு முடியட்டும்.