மருமகன்ட பெட்டிக்குத் தைச்ச சட்டை

மூணு மவுஸ், மகள்! ரெண்டு மாசத்துல மூணு! என்ட தையல் மெசின் இருவத்திரெண்டு வருசமா ஓடுது, ஊசி ஒடஞ்சதத் தவிர ஒரு கரச்சல் தரல்ல. உங்கட கடையில எடுத்த மவுஸ் இருவது நாள் தாங்குதில்ல. இதென்ன சாமான்?... ஓட்டோக்காரர், அந்தப் பெரிய பெட்டிய இந்த மேசையில வைங்க. மெதுவா, மெதுவா. ஓம், பச்சைச் சட்டை போட்டதுதான். ஓரத்துல தொங்குற றேந்தைப் பின்னல் கிழியாமப் புடிங்க! ஆ, சரி. கொஞ்சம் நில்லுங்க, உங்கடதுலயே திரும்பிப் போகணும்.

முதலாளி இல்லாட்டி என்ன? நீங்களும் இந்த வேலை படிச்ச புள்ளதானே. சுவத்துல சேட்டிபிக்கட் தொங்குது, உசாந்தினி எண்டு... அது நீங்கதானே? ஆ, பாத்தீங்களா. நீங்களே பாருங்க. அஞ்சு மணிக்குள்ள எனக்கு இது சரியாகணும். இப்ப எத்தின மணி? ரெண்டே காலா! லுஹறு தொழுத கையோட ஓடி வாறன், சோறும் தின்னல்ல.

பேரா? றபீக்கா எண்டு எழுதுங்க, சாய்ந்தமருது. ஆனா கொம்பியூட்டர் என்டதில்ல, என்ட மருமகன்ட. இன்பாஸ். கல்யாணத்துக்கு முந்தி வந்து ஒரு மணித்தியாலம் நிண்டு பாத்துப் பாத்து எடுத்தாரே, உசந்த புள்ள, சத்தமில்லாமக் கதைக்கிறவர்... ஓம், அவரேதான்! உங்களுக்கும் ஞாபகமிரிக்கி. நல்ல புள்ள மகள், மாஷா அல்லாஹ். பிளான் கீறுறவர். கட்டாருல எவனோ கட்டப்போற வீட்டுக்கு எங்கட மேல் அறையில இரிந்து கோடு போடுறார். கொம்பனி கொழும்புல. கல்யாணம் முடிஞ்சா மாப்புள பொண்ணு வீட்டுக்குத்தானே வாறது, உங்கட ஆக்களுக்குள்ளயும் அப்படித்தானே, அதால கொம்பனியில கேட்டு, வீட்டுல இரிந்தே வேலை செய்யிறன் எண்டு வந்து சேந்தார். நாங்களும் மேல ஒரு அறை எடுத்து, புதுக் கதிரை, லாச்சி வச்ச மேசை, ஏசிக்கு மட்டும் கைக்கு எட்டல்ல, மத்ததெல்லாம் போட்டு...

எங்க விட்டன்? ஆ, மவுஸ். இந்தா, இதுதான் மூணாவது. ஓம், இதுவும் சட்டை போட்டிரிக்கி. என்னத்துக்குச் சிரிக்கிறீங்க? மருதமுனைத் துணி மகள், கழுவினாலும் சாயம் போகாது. அடியில இலாஸ்டிக் வச்சிரிக்கன். வடிவா இல்லையா? எங்கட வீட்டுல ஒரு சாமான் வெறும் உடம்போட இரிக்காது. பிரிட்ஜுக்குச் சட்டை, ரைஸ் குக்கருக்குச் சட்டை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. மருமகன்ட சாமானுக்கு மட்டும் தைக்காம விட்டா, என்னையப் பத்தி அவர் என்ன நினைப்பார்?

கொம்பியூட்டரப் பத்தி இந்தப் பொம்புளைக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சிராதங்க. ஸுஹைறா, என்ட மகள், ஒரே புள்ள, அவ எனக்கு எல்லாம் படிப்பிச்சிட்டா. இந்தப் பெட்டிக்குள்ளதான் மூளை. யோசிக்கிறது, நினைவு வச்சிரிக்கிறது எல்லாம் இதுக்குள்ள. ஸ்கிரீன் வெறும் மூஞ்சி. அது ஒண்டும் யோசிக்காது, காட்டுறதோட சரி. அதாலதான் அத வீட்டுல விட்டுட்டு வந்தன். கீபோட், மவுஸ், மைக் இந்த மூணும் நாம செல்லுறத மூளைக்குக் கொண்டு போற ஆக்கள். பிரிண்டர் மூளை செல்லுறத வெளியில கொண்டு வாற ஆள். சரிதானே? ஆ! ஆனா மூளை நல்லாயிரிந்து என்ன, செய்தி கொண்டு போறதுகள் சரியில்லையே. மூளையும் சரியில்ல. அரை மணித்தியாலம் ஓடுது, மூச்சு வாங்குது, படாரெண்டு நிக்கிது. அவர் கீறினது பாதியும் போயிரும்.

அவர் எனக்கு வந்து செல்லவா போறார்? மருமகனும் மாமியும் முகத்துக்கு முகம் நிண்டு கதைக்கிறது எங்கட குடும்பத்துல இல்ல மகள். கோவமில்ல, மரியாதை. அவர் வந்தா நான் முந்தானைய இழுத்துக்கிட்டு குசினிக்குப் போயிருவன். நான் வந்தா அவர் எழும்பி நிப்பார். சோத்துக்குக் கறி காணுமா எண்டு நான் ஸுஹைறாட்டக் கேப்பன், அவ அவர்ட்டக் கேப்பா, அவர் காணும் எண்டு அவக்குச் செல்லுவார், அவ வந்து எனக்குச் செல்லுவா. அவரும் நானும் ஒரு சுவருக்கு ரெண்டு பக்கந்தான் இரிப்பம், எல்லாம் கேக்கும், ஆனாலும் புள்ள நடந்து வந்து செல்லணும். கீபோட் வேலை எங்கட வீட்டுல ஸுஹைறாக்குத்தான்!

முந்தாநாள் மேல துணி காயப்போடப் போனனா... ஒளிஞ்சி நிண்டு கேக்கல்ல, அல்லாஹ் அறிய, துணிதான் காயப்போட்டன். உள்ள இவர் போன்ல கொம்பனிப் பெரியவரோட கதைக்கிறார். "ஓம் சேர், இஞ்ச சரியாச் செய்ய ஏலாமத்தான் இரிக்கி... வியாழன் அஞ்சு மணி மீட்டிங்ல கதைப்பம் சேர்" எண்டு. மறுகா ஸுஹைறாட்டக் கேக்கிறார், தெஹிவளையில வாடகைக்கு அறை என்ன வெல வரும் எண்டு. கொழும்புத் தெஹிவளையில! கையில இரிந்த ஈரச் சாரன் கீழ முத்தத்துல விழுந்து போச்சு மகள். ஒரே புள்ள. அவக்கெண்டுதான் அந்த வீடே. ரெண்டு பேரும் கொழும்புக்குப் போனா நானும் என்ட மனிசனும் யாருக்கு யாரு? மனிசன் விடிஞ்சா சம்மாந்துறை வயலுக்குப் போயிருவார். நான் பிரிட்ஜோடயா கதைக்கிற?

வியாழன் இண்டைக்குத்தானே. அதான் வந்திரிக்கன். ஸுஹைறாவும் அவரும் அக்கரைப்பத்துக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க, அசறுத் தொழுகைக்குத்தான் வருவாங்க. அவங்க போன உடன வயரெல்லாம் புடுங்கி... ஓம், எது எங்க இரிந்ததெண்டு நிறம் நிறமா நூல் கட்டித்தான் புடுங்கினன், என்னைய யாரெண்டு நினைச்சீங்க. இது பழுதில்லாம ஓடினா அவர் என்னத்துக்குக் கொழும்புக்குப் போகணும்? செல்லுங்க. சாமான்தான் பழுது.

ஐயோ, அந்த முடிச்ச அவுக்காதங்க! ஒண்டில்ல, எட்டு முடிச்சி போட்டுக் கட்டினது. உங்களுக்கு உள்ளத்தானே பாக்கணும், சட்டையோடயே பாக்க ஏலாதா?... சரி, கழட்டுங்க, மெதுவாக் கழட்டுங்க. உள்பக்கம் இஸ்பொஞ்சி வச்சித் தைச்சிரிக்கன். பெட்டி உஸ் உஸ்ஸெண்டு சத்தம் போடுது மகள், மனிசன் வேலை செய்யிற எப்படி? இஸ்பொஞ்சி வச்ச பொறகு பாதிச் சத்தம் கொறஞ்சி... என்ன, ஓட்டையா? எங்க? ஓ, இந்தப் பக்கமெல்லாம் சல்லடை மாதிரி ஓட்ட ஓட்டையா இரிக்கி. ஓம், அதாலதானே தூசி போகும், அதுக்குத்தானே மூடின... காத்துப் போற வழியா?

அதுக்குத்தானா மேசை பேன அவர் பெட்டிக்கு முன்னால வச்சது! நான் நினைச்சன், இந்தப் புள்ளைக்குத் தன்ட உடம்பப் பாக்கவும் தெரியல்ல, தனக்கு வேர்த்து ஊத்துது, பெட்டிக்குக் காத்தடிக்கிறார் எண்டு. அவர் கீழ இறங்கின நேரமெல்லாம் நான் போய்ப் பேனக் கதிரைப் பக்கம் திருப்பி வைப்பன். திரும்பிப் போய்ப் பாத்தா பெட்டிப் பக்கம் பாத்துக் கொண்டிரிக்கும். நான் திருப்ப, அவர் திருப்ப...

சரி சரி, பெட்டிய விடுங்க, கீபோட்டப் பாருங்க. இது என்ட கையால செஞ்சதுல நல்ல வேலை. துணி போட்டா எழுத்து மறைஞ்சிருமே எண்டு, ஒவ்வொரு எழுத்தையும் நூலால தைச்சன். இருவத்தாறு எழுத்து, நம்பர், அந்தக் கொக்கி, புள்ளி, எல்லாம். பதினொரு நாள். ஸுஹைறா படமெடுத்துக் கூட்டாளிமாருக்கெல்லாம் அனுப்பினா. ஒரு பிழைதான், கழுவினதோட ஒரு விரலுக்குச் சுருங்கிட்டு. ஏ எண்டு அமத்தினா பக்கத்து எழுத்து வருது. அதுக்கென்ன, எங்க சுருங்கினதெண்டு பாத்து ஒரு எழுத்துத் தள்ளி அமத்தினாச் சரிதானே... இல்லையா? ஓம், பெரியவருக்கு அவர் என்னமோ எழுதப் போய் வேறென்னமோ போச்செண்டு ஸுஹைறா சிரிச்சா. நான் நினைச்சன் அவசரத்துல எழுதியிரிப்பார் எண்டு.

மைக்குக்குத் தொப்பி. இல்ல, அது கழட்டத் தேவல்ல, அது வெறும்... கழட்டிட்டீங்களா? ரெண்டு மடிப்புத் துணிதான் மகள். கெணத்துக்குள்ள இரிந்து கதைக்கிற மாதிரிக் கேக்குதெண்டு கொழும்புல செல்லுறாங்களாம். கொழும்புக்காரனுக்குக் காது மந்தமாயிரிக்கும்.

இல்ல, நீங்க செல்லுறது விளங்குது. சட்டையக் கழட்டிட்டு வேலை செய்யலாமே எண்டுதானே கேக்குறீங்க? அவர் கழட்டத்தான் செஞ்சார். முதல் நாளே. எல்லாத்தையும் கழட்டி, வடிவா மடிச்சி, கட்டில்ல வச்சிரிந்தார். நான் தேத்தண்ணிய வாசல்ல வைக்க மேல போய், கதவிடுக்கால கண்டன். கண்ட உடன... என்னத்தச் செல்ல, குசினிக்குள்ள வந்து அழுதிட்டன். புது மருமகனுக்கு என்ட கைவேலை புடிக்கல்லையே எண்டு. ராவைக்குச் சோறும் திங்கல்ல. ஸுஹைறா போய்ச் செல்லியிரிப்பா. மறுநாள் காலத்தால பாத்தா எல்லாம் சட்டை போட்டு இரிக்கி. அதுக்குப் பொறகு ஒருநாளும் அவர் கழட்டல்ல. எனக்குச் சந்தோசம். புடிச்சிப் போச்சாக்கும் எண்டு...

எங்க, மவுஸையும் காட்டுங்க. ஓம், கவுத்துப் பாருங்க. அடியில சிவப்பு லைட் ஒண்டு எரியும், சும்மா கரண்டுக்குக் கேடு, கண்ணுக்கும் கூடாது, அதான் அடியையும் மூடித் தைச்சன். அதுல ஒரு கரச்சல், இந்தக் கரப்பான். எங்கட மேல் அறையில கரப்பான் இரிக்கி போல. ஒவ்வொரு தரமும் கழுவ எடுத்தா, அந்த லைட்டுக்கு நேர ஒரு ஓட்டை. நகத்தளவு. நானும் தைப்பன், மறுகிழமை திரும்பவும் ஓட்டை. தைப்பன், மவுஸ் ஓடாம நிண்டுரும், அவர் அதத் தட்டித் தட்டிப் பாப்பார், எனக்குக் கேக்கும். உடன மனிசனுக்கு கோல் எடுத்து, வயலால வரக்குள்ள புது மவுஸ் ஒண்டு வாங்கிட்டு வாங்க எண்டு செல்லுவன். அதுக்கும் சட்டை தைப்பன். இப்படித்தான் மூணு... இந்தா, இந்தத் தையல்தான், நேத்துத்தான் அடைச்ச.

என்ன, தையலப் பிரிச்சிட்டீங்களா? கிட்டக் கொண்டு வாங்க, கண்ணாடி எடுக்கல்ல.

வட்டமா இரிக்கி. ஓம். கரப்பான் கடிச்சாப் பிசிறு பிசிறாத்தானே இரிக்கும். இது... இது கத்தரி. சின்னக் கத்தரி. நகம் வெட்டுறதோட வாறது. நூல் பிரியக் கூடாதெண்டு ஓரத்துல பசையும் வச்சிரிக்கார், பாருங்க.

யா றப்பே.

என்ட சட்டையையும் கழட்டாம, என்ட மனசையும் நோக விடாம, அந்த மனிசன் இரிந்து நகம் வெட்டுற கத்தரியால ஓட்டை வெட்டியிரிக்கார் மகள். நான் அடைக்க, அவர் வெட்ட. நான் அடைக்க, அவர் வெட்ட. ரெண்டு மாசம். ஒரு சொல்லுச் செல்லல்ல. செல்லியிரிந்தா நான் என்ன... அழுதுதான் இரிப்பன். ஓம்.

இப்ப எத்தின மணி? மூணா! உங்கட ஸ்கிரீன்ல வயரப் பூட்டி ஓட விட்டு எவ்வளவு நேரம்? அப்ப அரை மணித்தியாலம் தாண்டிட்டே, நிக்கல்லையே. தொட்டுப் பாக்கட்டா? சூடுமில்ல. மவுஸும் ஓடுது. ஒரு புது உறுப்பும் போடல்லையா? ஒண்டுமே பழுதில்லையா? அப்ப பழுது நான்தானா?

சிரிக்காதங்க மகள். சிரிக்கிறதெண்டாலும் அங்கால திரும்பிச் சிரிங்க.

கொஞ்சம் பொறுங்க, போன் அடிக்கிது. ஸுஹைறா... ஹலோ! என்னடி கத்துற? வந்துட்டீங்களா, இவ்வளவு கெதியா? கள்ளனில்லடி! பொலிசுக்கெல்லாம் கோல் எடுக்காதங்க! கள்ளன் வந்தா ஸ்கிரீன விட்டுட்டாப் போவான்? நான்தான் கொண்டு வந்தன். கல்முனையில, கடையில நிக்கன். ஓம், ஓட்டோவுல. அவருக்குச் செல்லு, பெட்டி நல்லாயிரிக்கி எண்டு செல்லு. அவருக்குச் செல்லு, சட்டையெல்லாம்... அவர்ட்டக் கேளு, ஏன் எனக்கு ஒரு வார்த்த... நில்லு. பக்கத்துலதானே நிக்கார்? போன அவர்ட்டக் குடு.

குடுங்கிறன் குடு!

ஹலோ... மகன். மாமி கதைக்கன்.

ஓம். நான்தான். எழும்பி நிக்காதங்க, இரிங்க. போன்லதானே. மகன், சட்டையெல்லாம் கழட்டியாச்சு. இனிப் போட மாட்டன். இஞ்ச ஒரு தங்கமான புள்ள எல்லாத்தையும் விளங்கப்படுத்திட்டா. நீங்க கொழும்புக்குப் போகணுமெண்டா... ஆ? யாரு? நீங்களா? இஞ்சயே இரிக்க இன்னும் ஒரு வருசம் தாங்க எண்டு கேக்கத்தானா அஞ்சு மணி மீட்டிங்? அப்ப தெஹிவளை? கொம்பனிக்காரங்க ஏலாதெண்டு செல்லிட்டா மட்டுமா... துணி காயப்போடக்குள்ள கேட்டன். இல்ல, ஒளிஞ்சி நிக்கல்ல! அப்ப அஞ்சு மணிக்கு இது நிக்காம ஓடணும், அவ்வளவுதானே? ஓடும். என்ட கண்ணுக்கு முன்னால ஓடுது.

என்ன செல்லுறீங்க?... மவுஸ் சட்டைய மட்டும் கொண்டு வரணுமா? கைக்கு மெத்தெண்டு இரிக்கா?

பொய் செல்லாதங்க மகன்! மாமிக்குப் பொய் செல்லாதங்க. ரெண்டு மாசமா நீங்க செல்லாம இரிந்ததெல்லாம் எனக்கு இப்பத்தான் தெரியுது, இதுல பொய் வேற. அந்தப் பேனப் பெட்டிப் பக்கம் திருப்பி வச்சிட்டு, மேசையத் தொடச்சி வைங்க. நான் வாறன்.

ஓட்டோக்காரர், தூக்குங்க. மெதுவா, மெதுவா... இனி றேந்தையப் பத்திக் கவலப்படத் தேவல்ல.